குடும்ப போட்டோ எடுக்காமல் போன கார்

அந்த டயர்க் கடையில் அவளை எல்லோரும் 'வேணாம் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் முதலாளிக்கு மட்டும் நினைவிருந்தது. அவரும் சம்பள நாளில்தான் அதைச் சொல்லுவார். "இதுக்குப் பதினேழு இஞ்ச் அலாய் போடணும். டயர் நல்லா அகலமா, வெளியே தெரியுற மாதிரி" என்று யாராவது ஆசை ஆசையாகக் கடைக்குள் வருவார். ஸ்டூலை விட்டு எழுந்திருக்கும் முன்பே அவள் வாய் சொல்லிவிடும்: "வேணாம்." அதற்கப்புறம்தான் காரைப் போய்ப் பார்ப்பாள்.

எந்தக் காருக்கு எந்த ரிம், எந்த டயர் பொருந்தும் என்று பார்த்துச் சொல்வதுதான் அங்கே அவள் வேலை. ரிம் பெரிதானால் டயர் ஒல்லியாக வேண்டும். இரண்டும் சேர்ந்த உயரம் பழைய உயரத்திலிருந்து அதிகம் மாறக்கூடாது, மாறினால் வேகம் காட்டும் முள் பொய் சொல்லும். இந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் போடலாம், இப்போது போனே போட்டுத் தருகிறது. அகலம்தான் வம்பு பிடித்தது. அகலச் சக்கரம் வெளிப்பக்கம் நீட்டினால் மட்கார்டை உரசும். உள்பக்கம் போனாலோ அங்கே ஸ்பிரிங் இருக்கிறது, ஷாக் அப்சார்பர் இருக்கிறது, பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகிற ரப்பர் குழாய் இருக்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு போகும் என்பதை ரிம்மின் முதுகில் பொறித்த ஆஃப்செட் எண் சொல்லும். ஆனால் ரிம் செய்தவனுக்கு உங்கள் காரின் ரப்பர் குழாய் எங்கே தொங்குகிறது என்று தெரியுமா? அதைக் கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அவள் கையை விட்டுப் பார்ப்பாள். ஒரு தடவை பார்த்தால் போதாது, மறுபடி பார்ப்பாள். வாடிக்கையாளர் பணம் கொடுத்துவிட்டுச் சாவியைக் கையில் எடுத்த பிறகும், "ஒரு நிமிஷம் இருங்க" என்று மீண்டும் குனிவாள். இதைத் திறமை என்று முதலாளி வெளியே சொல்லிக்கொள்வார். திறமையாவது ஒன்றாவது, அது சுத்தமான பயம். அது அவருக்கும் தெரியும். "அவ பயப்படுற வரைக்கும் நான் நிம்மதியாத் தூங்கலாம்" என்று தனியாக இருக்கும்போது சொல்லிச் சிரிப்பார்.

பயம் அவளோடு கூடவே பிறந்தது. சின்ன வயதில் கண்ணெதிரே ஏதாவது விபத்து நடந்தது, அதனால் இப்படி ஆகிவிட்டாள் என்று ஒரு கதை இருந்தால் கேட்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சிலருக்குச் சுருட்டை முடி வாய்ப்பது போல இவளுக்குப் பயம் வாய்த்தது, அவ்வளவுதான். வீட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுக் கேஸை மூடினோமா என்று திரும்பி வருவாள். தூங்குகிற அம்மாவின் மூக்கருகே விரலை நீட்டிப் பார்ப்பாள். அம்மா கண்ணைத் திறக்காமலே, "இருக்கேன்டி, போய்ப் படு" என்பாள்.

தம்பி அவளுக்கு நேர் எதிர். அம்மா ஒரே வீட்டில் ஒரே பாத்திரத்தில் சமைத்துப் போட்டுத்தான் இரண்டு பேரும் வளர்ந்தார்கள், ஆனால் அவனுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அவன் பங்கையும் சேர்த்து இவளே பயப்பட்டாள். குளத்தில் இறங்கப் போனான், வேணாம் என்றாள். பைக் கேட்டான், வேணாம். கடல் தாண்டி நல்ல வேலை ஒன்று வந்தது, அழுது புரண்டு வேணாம் என்றாள். போகாமல் இருந்துவிட்டான். அடுத்த தெருவில் மனைவி, மகளோடு குடியிருக்கிறான். பழைய கார் ஒன்றை வாங்கி, ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்க ஓட்டுகிறான். அவன் காரை எடுத்தால் இவள் போனை எடுப்பாள். கிளம்பியாச்சா, எங்கே இருக்கே, மெதுவாப் போ, சேர்ந்தாச்சா. கடைசியில் அவன் பாதி நேரம் அந்தப் போனை எடுப்பதையே விட்டுவிட்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது, அவள் கொண்டுவந்தது. புதுச் சக்கரம் மாட்டிய கார் எதுவாக இருந்தாலும், காரைத் தூக்கி நிறுத்துகிற லிஃப்டிலிருந்து கீழே இறக்கியதும் கடை ஆட்கள் எல்லோரும் அதில் ஏறி உட்கார வேண்டும். முதலாளி முன் இருக்கையில், சக்கரத்துக்கு எடை ஒட்டிச் சமன் பார்க்கிற ஆளான தராசு பின் இருக்கையில், அவர் பக்கத்தில் வாடிக்கையாளர், டிக்கியில் நாலு கனமான ரிம். எடை பார்க்கிற வேலை என்பதால் அவருக்குத் தராசு என்று பெயர், ஆளும் நல்ல கனம். எல்லோரும் முன்னே பார்த்தபடி விறைப்பாக உட்கார்ந்திருப்பதால் இதற்குக் கடையில் 'குடும்ப போட்டோ' என்று பெயர். முதலாளி ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடிப்பார். அவள் டார்ச்சோடு தரையில் படுத்து, சக்கரத்துக்கும் உள்ளே இருப்பவற்றுக்கும் நடுவே விரலை விடுவாள். லிஃப்டில் தொங்கும்போது பொருந்துவது வேறு, ஆள் ஏறி வண்டி அழுந்தும்போது பொருந்துவது வேறு. விரல் நுழைந்தால் கார் வீட்டுக்குப் போகலாம். நுழையாவிட்டால் சக்கரம் அலமாரிக்குப் போகும். வாடிக்கையாளர்கள் முதலில் கூச்சப்படுவார்கள், அப்புறம் அவர்களே சட்டையைச் சரிசெய்துகொண்டு உட்காருவார்கள்.

கடைக்கு விடுமுறையான ஒரு நாள், தம்பி நாலு அலாய் ரிம்களைப் பின் இருக்கையில் போட்டுக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தான். காரை விற்றுவிட்ட நண்பன் ஒருவனிடம் வாங்கியது. பதினாறு அங்குலம், நல்ல அகலம், துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். டயரும் கூடவே. அவன் காரில் இருந்ததோ பதினாலு அங்குலச் சாதாரணச் சக்கரம்.

"வேணாம்னு சொல்லப்போறே, எனக்குத் தெரியும். சொல்லிடு. சொல்லிட்டுக் கடையைத் தொறந்து மாட்டிக் குடு" என்றான்.

"எல்லாரும் லீவுடா. நாளைக்குக் கொண்டா."

"நாளைக்குக் காலைல மலைக்குப் போறோம்க்கா. அம்மாவும் வர்றா. புதுச் சக்கரத்தோட போகணும்னு எனக்கு ஒரு ஆசை." பிறகு, சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "பொறந்ததுலேர்ந்து ஒரு தடவையாவது எனக்குச் சரின்னு சொல்லியிருக்கியா? யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அவன் விளையாட்டாகத்தான் சொன்னான், அவளுக்கோ நெஞ்சில் எங்கேயோ போய்த் தைத்தது. போகாமல் விட்ட அந்த வேலை ஞாபகத்துக்கு வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கடைச் சாவியை எடுத்தாள்.

கணக்கு அழகாக வந்தது. ரிம் பெரிது, டயர் அந்த அளவுக்கு ஒல்லி. பழைய சக்கரத்தின் உயரமும் புதியதன் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றே. அவளுக்கே ஆச்சரியம். ஆஃப்செட் எண்ணைப் பார்த்தபோது மட்டும் நெற்றி சுருங்கியது. உள்பக்கம் கொஞ்சம் அதிகமாகத்தான் போகும் போலிருந்தது. காரை லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தை மாட்டி, அவனை ஸ்டீயரிங்கை இரண்டு கோடிக்கும் ஒடிக்கச் சொன்னாள். உள்ளே விரலை விட்டாள். நுழைந்தது. மறுபடி விட்டாள். நுழைந்தது. நட்டுகளை இறுக்கினாள், இறுக்கியதை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்தாள். காரைக் கீழே இறக்கினாள்.

"ஏறி உட்காரு. நான் கீழே படுத்துப் பார்க்கிறேன்."

"ரெண்டே பேரை வச்சுக் குடும்ப போட்டோவா? ஒருத்தர் கீழே படுத்தா நான் மட்டும்தான் போட்டோல இருப்பேன். அது பாஸ்போர்ட் போட்டோக்கா." அவன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். சின்ன வயதில் புதுச் சட்டை போட்ட நாளில் இப்படித்தான் கண்ணாடிக்கு முன்னால் சுற்றுவான். "பெட்டி கட்டணும், உன் மருமக வேற காத்துக்கிட்டிருக்கா. விரல் நுழையுதுல்ல, அப்புறம் என்ன?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, போ" என்றாள். சரி என்று சொன்னதும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து, இவ்வளவு சுலபமான காரியத்தை இத்தனை வருஷம் ஏன் செய்யாமல் இருந்தோம் என்று நினைத்துக்கொண்டாள். அன்று கடையைப் பூட்டிய பிறகு பூட்டைப் பிடித்துத் தொங்கக்கூட இல்லை.

மறுநாள் காலையில் அம்மாவைத் தெருவரை கொண்டுவந்து வழியனுப்பினாள். பின் இருக்கையில் ஜன்னலோரம் அம்மா, இன்னொரு ஜன்னலோரம் தம்பி மகள், நடுவில் தலையணை, பை, ஏதேதோ மூட்டை. முன்னால் தம்பி மனைவி. டிக்கி மூடவில்லை, அழுத்தி மூடினார்கள். கார் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அதைப் பார்த்தாள், பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கடைக்குப் போனாள். முதல் வண்டியாக ஒரு வங்கிக்காரரின் கார் வந்து நின்றது. தம்பியிடம் இருக்கும் அதே கார்தான், நிறம்தான் வேறு. அவர் கேட்டதும் ஆடம்பரமாக ஒன்றுமில்லை, ஒரு சுற்றுப் பெரிய சக்கரம். மாட்டி இறக்கியதும் குடும்ப போட்டோவுக்கு எல்லோரும் ஏறினார்கள். தராசு பின் இருக்கையில் உட்கார்ந்ததும் வண்டி முனகியது. முதலாளி ஸ்டீயரிங்கை ஒடித்தார். அவள் தரையில் படுத்து டார்ச்சை அடித்தாள்.

பிரேக் குழாய் அவள் கண்ணெதிரே வளைந்தது. லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது அந்தக் குழாய் இழுபட்டு விறைப்பாக, தன் பாட்டுக்கு ஒதுங்கி இருக்கும். ஆள் ஏறி வண்டி அழுந்தினால் அதற்குத் தொய்வு வந்துவிடும். தொய்ந்தால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு டயர் பக்கம் வரும். அவள் இதை எத்தனையோ கார்களில் பார்த்திருக்கிறாள், இதைப் பார்ப்பதற்காகத்தான் அந்த வழக்கத்தையே உண்டாக்கினாள். இந்தக் காரில் குழாய்க்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைந்தது. ஒரு விரல்தான், தாராளமாகக்கூட இல்லை. தம்பியின் டயர் இதைவிட உள்ளே இருக்கிறது.

டார்ச் கையிலிருந்து நழுவி உருண்டு போனது.

"என்னம்மா, நுழையுதா இல்லையா?" என்று மேலிருந்து முதலாளி கேட்டார்.

அவள் பதில் சொல்லாமல் எழுந்து போனை எடுத்தாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். இந்த முறை அவனே துண்டித்தான். மறுபடி போட்டாள், துண்டித்தான். அப்புறம் போனில் ஒரு படம் வந்தது. மலை அடிவாரத்தில் காரை நிறுத்தி, தாழக் குனிந்து, சக்கரம் பெரிதாகத் தெரிகிற மாதிரி எடுத்திருந்தான். கீழே எழுதியிருந்தான்: சூப்பரா ஓடுதுக்கா, பயப்படாதே, சாயந்தரம் பேசறேன்.

'வண்டியை நிறுத்து, பிரேக்' என்று அவள் தட்டெழுதி அனுப்பினாள். அது போய்ச் சேரவில்லை. முதலாளி தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு குரல் பொறுமையாகச் சொன்னது. தம்பி மனைவியின் போனும் அதையே சொன்னது. அம்மா போனே வைத்துக்கொள்வதில்லை, அது காதுக்குக் கெடுதல் என்பாள்.

அவள் நடந்ததைச் சொன்னாள். முதலாளி ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தராசு, வேனை எடு" என்றார்.

கடை வேன் டயர் ஏற்றி இறக்குகிற வண்டி. முன்னே இரண்டு வரிசை இருக்கை, பின்னே வெறும் தகரப் பெட்டி. தராசு ஓட்டினார், முதலாளி கடையில் நின்றுகொண்டார். அவள் மடியில் போனை வைத்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தாள். பயம் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இதுவரை அவள் பயந்ததெல்லாம் நடக்காத விஷயங்களுக்கு. கேஸ் மூடித்தான் இருக்கும், பூட்டு பூட்டித்தான் இருக்கும், அம்மா மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்பாள். அந்தப் பயத்தின் அடியில் எங்கேயோ, ஒன்றும் ஆகாது என்ற நிச்சயமும் இருந்திருக்கிறது. அது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் இப்போது அது இல்லை.

"அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க" என்றார் தராசு. "ஒரு குழாய் போனாலும் மொத்த பிரேக்கும் போயிடாது. ரெண்டு தனி லைன் இருக்கு. மிச்ச ரெண்டு சக்கரம் கொஞ்சம் பிடிக்கும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

தராசு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

"ரெண்டு பக்கமும் அதே டயர்தான் தராசு. இந்தப் பக்கம் திரும்பினா இது உரசும், அந்தப் பக்கம் திரும்பினா அது உரசும். ரெண்டு குழாயும் போனா?"

"எல்லாம் கொண்டை ஊசி வளைவுக்கா. அங்க யாரும் வேகமாப் போக முடியாது." சொல்லிவிட்டு, சொன்னதில் இருந்த தப்பு அவருக்கே உறைத்தது. கொண்டை ஊசி வளைவு என்றால் ஸ்டீயரிங்கைக் கோடி வரை ஒடிக்க வேண்டும்.

மலைப்பாதை தொடங்கியது. வளைவுக்கு வளைவு அவள் உடம்பு தானாக இறுகியது. இங்கே ஒடித்திருப்பான், ஒரு உரசல். இங்கே ஒடித்திருப்பான், இன்னொன்று. ரப்பர் எவ்வளவு தாங்கும்? ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு, அதனால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. பாதி அறுந்த குழாயோடு உச்சிக்குப் போய், படம் எடுத்து, சாப்பிட்டு, மறுபக்க இறக்கத்தில் அருவி பார்க்கலாம் என்று கிளம்புவான். அங்கே மிதித்தால் அந்த அழுத்தத்தில் குழாய் வெடிக்கும். மிதி தரையோடு போகும். அவன் ஒற்றைக் கையில் ஓட்டிக்கொண்டிருப்பான். அம்மா எந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள் என்று யோசித்தாள். பள்ளம் எந்தப் பக்கம் வரும் என்று யோசித்தாள். யோசிக்காதே என்று தன்னையே திட்டிக்கொண்டு, மறுபடியும் அதையே யோசித்தாள்.

ஒரு வளைவில் ஆட்கள் கூடி நின்றார்கள். பள்ளத்துப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேன் நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்தாள், தராசு அவள் கையைப் பிடித்து இழுத்தார். லாரி ஒன்று ரேடியேட்டர் கொதித்து நின்றிருந்தது. அதன் மூடியைக் கழற்றப்போய் அது எகிறிப் பள்ளத்தில் விழுந்துவிட்டதாம். அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு பழைய கார் போச்சா? சக்கரம் பெரிசா, பளபளன்னு?"

"போச்சும்மா. பாட்டு பலமா வச்சுக்கிட்டுப் போனாங்க" என்றார் லாரிக்காரர்.

அதற்கு மேலே, ரோட்டில் ஓரிடத்தில் ஈரம் சொட்டுச் சொட்டாகக் கோடு போட்டிருந்தது. நிறுத்தச் சொல்லி இறங்கினாள். குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள். பிரேக் எண்ணெய் என்றால் வழுக்கும். மூக்கருகே கொண்டுபோகவே தைரியம் வரவில்லை. கடைசியில் முகர்ந்தாள். தண்ணீர். ஏசி ஒழுகிய வெறும் தண்ணீர். தராசு வந்து தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வண்டிகள் நிறுத்திப் பள்ளத்தாக்கை வேடிக்கை பார்க்கிற ஒரு திருப்பத்தில் அந்தக் கார் நின்றிருந்தது. தம்பி அதன் முன் சக்கரத்தின் பக்கத்தில் மகளை உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அம்மா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள். உயிரோடு இருந்தார்கள். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

தம்பி வேனையும் அவளையும் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"போன் எடுக்கலைன்னா மலை ஏறியே வந்துடுவியா நீ? உனக்கு என்னதான் வேணும்? நாங்க நிம்மதியா ஒரு நாள் இருக்கக் கூடாதா?" மனைவி அவன் கையைப் பிடித்தாள், உதறினான்.

"வண்டியில ஏறி ஸ்டீயரிங்கை ஒடி" என்றாள் அவள்.

"அக்கா, உன் பயத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு..."

"ஒடிடா!"

அவள் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. ஏறி ஒடித்தான். அவள் தார் ரோட்டில் மல்லாந்து படுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டாள். டயரின் உள்பக்கம் சூடாக இருந்தது. தடவிக்கொண்டே போய்க் குழாயைத் தொட்டாள். வழவழவென்று இருக்க வேண்டிய இடத்தில் சொரசொரப்பு, அதைத் தாண்டினால் பஞ்சு. மேல் ரப்பர் தேய்ந்து போய், உள்ளே இருக்கிற நூல் பின்னல் பிரிந்து நின்றது. அதற்கும் உள்ளே இருப்பது மெல்லிய ஒரு தோல், அப்புறம் எண்ணெய். அவள் கையை வெளியே எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பொத்துக்கொண்டுவிடும் என்பதுபோல் விரலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"கீழே வா. கையைக் குடு" என்றாள்.

அவன் முனகிக்கொண்டே பக்கத்தில் வந்து படுத்தான். அவன் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

"என்னது இது, நூலு?"

"பிரேக் குழாய்."

அவன் விரல் நின்றது.

"உள்ள இருக்கிற நூல் வரைக்கும் வந்திருச்சு. அந்தப் பக்கமும் இப்படித்தான் இருக்கும். இதோட இறக்கத்துல பிரேக் போட்டிருந்தா..." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. "தப்பு என்னோடது. ஆளை ஏத்திப் பார்க்காம அனுப்பிட்டேன். நீ கிளம்புறேன்னு சொன்னே, நானும் சரின்னுட்டேன். தப்பு என்னோடதுதான்."

அம்மா சுவரிலிருந்து எழுந்து வந்தாள். "அந்தக் கர்ருன்னு கேட்ட சத்தமா? முதல் வளைவுலேர்ந்தே நான் சொல்லிக்கிட்டு வர்றேன். புது டயர்னா அப்படித்தாம்மா இருக்கும்னு பாட்டை ஏத்தி வச்சான்."

தம்பி எழுந்து நின்றான். முதுகெல்லாம் தூசி. தட்டிவிடவில்லை. ஏறி வந்த பாதை கீழே மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். மகள், "அப்பா, இன்னொரு போட்டோ" என்று சக்கரத்தருகே போனாள். அவன் பாய்ந்து போய் அவளை வாரித் தூக்கினான். குழந்தை பயந்து அழ ஆரம்பித்தது. கார் அசையாமல்தான் நின்றிருந்தது.

அவன் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். உன்னை நம்பித்தானே மாட்டினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தேவலாம் போலிருந்தது. அவன் திட்டவில்லை. அவள் சொன்னது அவன் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. மகளை இறக்கிவிடாமல் அப்படியே நின்றான்.

காரை அங்கேயே விட்டுவிட்டு, கட்டி இழுத்துப் போகிற வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்கள். மூட்டைகள் தகரப் பெட்டிக்குள் போயின. வேனில் முன்னால் தராசும் அம்மாவும், பின்னால் தம்பி மனைவி, மடியில் குழந்தை, தம்பி, ஓரத்தில் அவள். தராசு முதல் கியரில் ஊர்ந்தார். அம்மா சிறிது நேரத்தில் தூங்கிவிட்டாள்.

முதல் வளைவில் தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது. வளைவு தாண்டியும் விடவில்லை.

"அக்கா, ஒரு சத்தம் வருதே."

"பின்னாடி பெட்டிடா. மூட்டை உருளுது."

"அது இல்ல. கீழேருந்து வருது. தராசண்ணே, நிறுத்துங்க. நிறுத்திப் பாருங்க."

தராசு நிறுத்தினார். அவள் இறங்கி, குனிந்து, நாலு சக்கரத்தையும் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றுமில்லை என்றாள். அவன் தலையாட்டினான், முகம் தெளியவில்லை. வண்டி கிளம்பியதும், "பிரேக்கை ஒரு தடவை மிதிச்சுப் பாருங்க" என்றான். மிதித்துக் காட்டினார். "இன்னொரு தடவை" என்றான். அவன் மனைவி அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள். குழந்தையின் காலைப் பிடித்திருந்த அவனுடைய இன்னொரு கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நடுக்கத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். தன் பயத்தில் ஒரு துளியாவது இவனுக்கு இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள். இப்போது வந்துவிட்டது, துளியாக இல்லை, மொத்தமாக வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க வண்டி ஓட்டியவனை அவளே கையைப் பிடித்து, அவன் விரலை அந்த நூலில் வைத்து, தன்னைப் போல ஆக்கிவிட்டாள். வேறு வழி இருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை. அவனிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

"அக்கா, இது என்ன சத்தம்?"

அவள் காது கொடுத்துக் கேட்டாள். டயர் ரோட்டில் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. எல்லா வண்டியிலும் கேட்கிற சத்தம்.

"ஒண்ணுமில்லடா. ரோடுதான்."

"நல்லாக் கேட்டுச் சொல்லு."

"கேட்டுட்டேன். ரோடுதான்."

அடுத்த வளைவு வந்தது. அவன் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.